பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு முழம் டியூப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில் கோபியிலிருந்து ஒரு வாசகர், தன் பழைய டீசல் கார் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஒரு தடவை பிடித்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்கத் தகராறு இல்லை என்று கேட்டிருந்தார். பேட்டரியைப் பாருங்கள், குளிர்ந்த இன்ஜினைச் சூடேற்றிப் பிடிக்கவைக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள், இரண்டும் சரியாக இருந்தால் இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பை சர்வீஸ் செய்யுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். முதல் இரண்டும் சரிதான். மூன்றாவதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் இதே மூன்றாவதுக்காக நான் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ஒன்பதாம் நாள் காலையில் அதே வண்டியின் முன்னால் அதே மாதிரி நின்றவன். அந்த வாசகர் பம்ப்பில் கை வைப்பதற்குள் இந்தக் கடிதம் அச்சில் வந்துவிட்டால் நல்லது.

என் வண்டி 2005 இண்டிகா. டர்போ கிடையாது, காமன் ரெயில் (டீசல் அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது முறை) கிடையாது, 1405 சிசி பழைய டீசல் இன்ஜின், கூடவே மைக்கோ ரோட்டரி பம்ப். (கம்பெனி பெயர் 2008-லேயே பாஷ் என்று மாறிவிட்டது, ஆனாலும் எங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடையில் இன்னும் மைக்கோ என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள்.) ஒரு காலத்தில் கால் டாக்ஸி என்றாலே இந்த வண்டிதான், இப்போது ரோட்டில் ஒன்றைப் பார்த்தால் ஹாரன் அடித்துக் கையாட்டிக்கொள்கிறோம். பதினைந்து வருடம் முடிந்து பதிவையும் புதுப்பித்துவிட்டேன். விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும் என்பதால், நல்லபடியாக ஓடும் வரைக்கும் ஓட்டுவோம் என்று வைத்திருக்கிறேன்.

தொந்தரவு ஆரம்பித்தது போன ஆடி மாசம். காலையில் சாவியைத் திருப்பி ஹீட்டர் லைட் அணையும் வரை பொறுத்து செல்ஃப் அடித்தால், உடனே பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று விநாடி நன்றாக ஓடும், அப்புறம் மூச்சு விட மறந்தது மாதிரி அடங்கிவிடும். அதற்குப் பிறகு செல்ஃப் அடித்து அடித்துக் கை வலிக்கும். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு ஒரு சிலிண்டரில் பிடித்து, குதித்துக் குதித்து, நாலும் சேர்ந்து கடைசியில் ஓடும். அதன் பிறகு அன்றைக்கு முழுக்க தொட்டால் ஸ்டார்ட் ஆகும். உடுமலை மார்க்கெட்டில் தேங்காய் மண்டி முன்னால் நாலு மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் ஒரே சுற்றில் பிடிக்கும்.

இந்த நடத்தையிலேயே பாதி விடை இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. பேட்டரி மாற்றினேன், நாலு ஹீட்டர் பிளக்கும் மாற்றினேன். அதன் பிறகு கராஜில் விட்டேன். அங்கே இருந்த தம்பி பானட்டைத் திறந்து பார்த்தார், செல்ஃப் அடித்தார், அவர் இடம் சமதரை என்பதால் வண்டி நல்ல பிள்ளையாகப் பிடித்துக்கொண்டது. "டீசல் லீக் எங்கயும் இல்லீங்க சார், அதனால ஏர் புடிக்க வாய்ப்பே இல்லை, பம்ப்பத்தான் கழட்டோணும்" என்றார். நம்பினேன். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த தப்புதான் என் பணத்தைத் தின்றது.

டீசல் ஒழுகவில்லை, அதனால் காற்று போகவில்லை என்பது தப்பு. இதைக் கிணற்று மோட்டார் வைத்திருக்கிற எந்த விவசாயியும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். சக்‌ஷன் பைப்பில் ஒரு ஊசித் துளை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, மோட்டார் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும், தண்ணீர் ஏறாது. பைப்பின் அடி முனையில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வு சரியில்லை என்றால் ராத்திரியில் பைப்பில் நின்ற தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிடும், காலையில் போய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, சாணியைக் கரைத்து விட்டு, மறுபடி எடுக்க வேண்டும். பழைய இண்டிகாவும் அப்படித்தான். டேங்க்குக்குள்ளிருந்து டீசலை முன்னால் தள்ளிவிட மோட்டார் எதுவும் கிடையாது. பின் சீட்டுக்கு அடியில் இருக்கிற டேங்க்கிலிருந்து முன்னால் இன்ஜின் வரைக்கும், நடுவில் ஃபில்டரையும் தாண்டி, பம்ப்பே தன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன இறக்கைச் சக்கரத்தால் உறிஞ்சித்தான் டீசலைக் கொண்டுவர வேண்டும். அந்த வழி முழுக்க உறிஞ்சுகிற வழி. அங்கே ஓட்டை விழுந்தால் ஈரம் தெரியாது, காய்ந்துதான் இருக்கும். பம்ப்புக்கு அந்தப் பக்கம், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகிற டெலிவரி பைப்பில் ஓட்டை விழுந்தால்தான் டீசல் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். ஆக, ஈரமாக இருக்கும் இடத்தைத் தேடுகிறவர், காற்று இழுக்கும் இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்.

சரி, பம்ப் சர்வீஸ் முடிந்து வண்டி வந்தது. எட்டு நாள் பிரமாதம். ஒன்பதாம் நாள் மறுபடி அதே கதை. (எட்டு நாள் எப்படி ஓடியது என்றால், பம்ப்பை மாட்டும்போது எல்லா ஹோஸையும் கழற்றி மாட்டி ஏர் எடுத்திருக்கிறார்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியிருக்கிறார்கள், அதில் கொஞ்ச நாள் தாங்கியிருக்கலாம்.)

துப்பு கொடுத்தது என் மனைவி. எங்கள் வீட்டு வாசல் தெருவிலிருந்து நன்றாக மேலே ஏறும் சாய்தளம், நான் எப்போதும் மூக்கை வீட்டுப் பக்கமாக விட்டு ஏற்றி நிறுத்துவேன். ஒரு நாள் டேங்க்கை ஃபுல் செய்துகொண்டு, இரண்டு அரிசி மூட்டையும் வாங்கி வந்ததால், டிக்கியிலிருந்து இறக்க வசதியாக ரிவர்ஸில் ஏற்றச் சொன்னாள். மறுநாள் காலை அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவள்தான், "தலைகீழா நிறுத்துனா புடிக்குதுங்களே, அடியில பாருங்க, என்னமோ சொட்டியிருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஃபில்டருக்கு நேர் கீழே, ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஈரம். முகர்ந்தால் டீசல். இத்தனை நாளும் ஒரு சொட்டுக்கூட இல்லாத இடம்.

யோசித்துப் பாருங்கள். மூக்கு மேலே இருக்கும்போது டேங்க் கீழே, ஃபில்டர் மேலே. ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும், பைப்பில் நிற்கும் டீசல் ராத்திரி முழுக்க மெதுவாகப் பின்னால் டேங்க்குக்கே இறங்கிவிடும். ஸ்ட்ராவில் ஜூஸை உறிஞ்சி மேல் முனையை விரலால் மூடினால் ஜூஸ் அப்படியே நிற்கும், விரலை எடுத்தால் சரேலென்று இறங்கும் இல்லையா, அதுதான். காலையில் பம்ப்புக்குள் மிச்சம் இருக்கும் ஒரு வாய் டீசலில் இன்ஜின் பிடித்து, அது தீர்ந்ததும் அடங்குகிறது. வண்டியைத் திருப்பி நிறுத்தினால் ஃபுல்லாக இருக்கும் டேங்க் மேலே, ஃபில்டர் கீழே. அதே ஓட்டை வழியாக இப்போது காற்றுக்குப் பதில் டீசல் வெளியே கசிகிறது. மண்டியிலும் கராஜிலும் சமதரை, அதுவும் சில மணி நேரம்தான், அதனால் தெரியவில்லை. பதின்மூன்றாயிரம் கொடுத்தும் தெரியாத விஷயத்தை இரண்டு அரிசி மூட்டை காட்டிக்கொடுத்தது.

அதன் பிறகு கராஜுக்குப் போகவில்லை. எங்கள் தோட்டத்துக்கு அந்தக் காலத்தில் ஆயில் இன்ஜின் பார்க்க வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், இப்போது டிராக்டர் மட்டும் பார்க்கிறார், அவரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏனுங் தம்பி, சூட்டுல எப்படிப் புடிக்குது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். சூட்டில் அருமையாகப் பிடிக்கிறது என்றேன். "அப்ப பம்ப்பு நல்லாத்தான் இருந்துருக்கும். பணத்தை வீணாக்கிட்டீங்க" என்றார்.

இதைக் கோபி வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். ரோட்டரி பம்ப்பின் உள்ளே தலைப்பாகம் தேய்ந்தால் காலைக் குளிரில் பெரும்பாலும் பிடித்துவிடும், கெட்டியான டீசல் இடுக்கில் கசியாமல் அழுத்தம் ஏறும். சூடாகி டீசல் நீர்த்த பிறகு, வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால்தான் பிடிக்காது. அப்போது பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் குளிர வைத்தால் ஸ்டார்ட் ஆகும், பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. காற்றுப் பிரச்சினை இதற்கு நேர் எதிர். நிறுத்தி வைத்த நேரம் கூடக்கூடத் தகராறு கூடும், ஓடிக்கொண்டிருக்கும் நாளில் ஒன்றும் தெரியாது. ஹீட்டர் பிளக் போனது என்றால் இரண்டிலும் சேராது: செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை மண்டும், கண் எரியும், ஏனென்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. செல்ஃப் அடிக்க அடிக்க புகையே வரவில்லை என்றால் நாசிலுக்கு டீசலே போகவில்லை என்று அர்த்தம். வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய் நின்று புகையைப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை இது. டேங்க்கில் கால் பாகத்துக்குக் கீழே போனால் மட்டும் தொந்தரவு வருகிறதா, அதையும் கவனியுங்கள். அப்படி என்றால் டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயே நடுவில் விரிந்திருக்கலாம், டீசல் மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்று ஏறும்.

பெரியவர் முதலில் செய்தது பாட்டில் சோதனை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றில் சுத்தமான புது டீசல், அதை பானட்டுக்கு அடியில் பம்ப்பை விட உயரமாக, சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குத் தள்ளி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பம்ப்புக்கு வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, பாட்டிலிலிருந்து ஒரு டியூப், நடுவில் பைக்கில் போடும் சின்ன ஃபில்டர் ஒன்று, அதைப் பம்ப்பில் மாட்டினார். பம்ப்பில் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் டியூபையும் அதே பாட்டிலுக்குள் விட்டார். ஏர் எடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, "காலைல கூப்புடுங்க" என்று போய்விட்டார். மூக்கு மேலேதான் நின்றது வண்டி. காலையில் செல்ஃப் தொட்டதும் பிடித்தது. பம்ப், நாசில், கம்ப்ரஷன், ஹீட்டர் எல்லாம் நிரபராதி என்று அந்த ஒரு பாட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டது. குற்றவாளி டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில், இல்லையென்றால் ரிட்டர்ன் வழியில்.

அப்புறம்தான் டியூப். இந்தக் கடிதத்தின் தலைப்பே அதுதான். ஹார்டுவேர் கடையில் கயிறு மாதிரி சுருட்டி வைத்திருப்பார்களே, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப், மீட்டர் கணக்கில் தருவார்கள். அளவு பார்த்து ஒரு முழம் வாங்கி, ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸுக்குப் பதிலாக ஒரு துண்டும், பம்ப்பிலிருந்து வெளியே வரும் ரிட்டர்ன் ஹோஸுக்குப் பதிலாக ஒரு துண்டும் மாட்டினார். இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். ரிட்டர்னை விடுங்கள், உள்ளே போகிற டியூபிலேயே தெரிந்தது: தேன் நிறத்து டீசலுக்கு நடுவில் சவ்வரிசி சவ்வரிசியாக ஒன்றன் பின் ஒன்றாகக் குமிழி போய்க்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை ஏற்றினால் குமிழி நெருங்கி நெருங்கி வருகிறது. அணைத்துவிட்டு நின்றோம். கால் மணி நேரத்தில் டியூபின் மேல் வளைவில் ஒரு பெரிய குமிழி சேர்ந்து, அது ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று நீண்டுகொண்டே போனது. டீசல் பின்னால் இறங்குவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எத்தனை பேர் இந்த ஒன்றைப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றியிருப்பார்கள் என்று தோன்றியது.

இந்த இரண்டு டியூபையும் படிக்கத் தெரிந்தால் போதும். உள்ளே போகிற டியூபில் குமிழி இருந்தால் ஓட்டை பம்ப்புக்கு முன்னால், டேங்க் வரைக்கும் எங்கேயாவது. உள்ளே போவது சுத்தமாக இருந்து, ஏர் எடுத்து நன்றாக ஓடிய பிறகும் ரிட்டர்னில் மட்டும் குமிழி விடாமல் வந்தால், அப்போதுதான் பம்ப்பின் சீல்களைச் சந்தேகப்பட வேண்டும், அப்போது கழற்றச் சொல்லுங்கள், நானே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். புதிதாக ஏர் எடுத்த வண்டியில் முதல் சில நிமிடம் ரிட்டர்னில் குமிழி வரத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எங்களுக்கு முன்பக்கம் என்று தெரிந்ததும் பெரியவர் ஒவ்வொரு ஜாயிண்டாகக் கெட்டி கிரீஸை அப்பிக்கொண்டே வந்தார். உறிஞ்சும் இடம் என்றால் கிரீஸ் உள்ளே இழுத்து ஓட்டை தற்காலிகமாக அடைபடும், குமிழி நிற்கும். ஹோஸ் கிளிப்பில் மாற்றமில்லை. முந்தைய ஓனர் டீசல் வழியில் மாட்டியிருந்த, கையால் அமுக்கி டீசலை ஏற்றும் ரப்பர் பல்பு, அதன் இரண்டு முனையையும் கட்டுக்கம்பி முறுக்கித்தான் இறுக்கியிருந்தார்கள், அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம், அங்கேயும் இல்லை. ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைச் சுற்றி அப்பியதும் குமிழி பாதியாகி, அப்புறம் சுத்தமாக நின்றது. என் மனைவி காட்டிய ஈரத்துக்கு நேர் மேலே.

திருகைக் கழற்றினால், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கே இல்லை. போன தடவை ஃபில்டர் மாற்றியபோது புது ஃபில்டரோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் வந்த ஓ ரிங், பையோடு அட்டைப் பெட்டியிலேயே இருந்தது, பெட்டி என் டிக்கியிலேயே கிடந்தது. அதை எடுத்து டீசலில் தொட்டு மாட்டினார். செலவு சைபர்.

கதை இதோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடியவில்லை. மறுநாள் காலை முன்னை விட நன்றாகப் பிடித்தது, ஆனால் அரைச் சுற்று என்று சொல்ல முடியாது, நாலைந்து சுற்று கேட்டது. டியூபில் குமிழி இல்லை. பெரியவரைக் கேட்டால், "ஓவர்ஃப்ளோ பைப்பைப் பாத்தீங்களா?" என்றார். நாசில் தலைக்குத் தலை மெல்லிசாக, மேலே நூல் பின்னிய ஒரு ரப்பர் டியூப் போகும், நாசிலில் மிஞ்சுகிற டீசலை ரிட்டர்னுக்குக் கொண்டுபோவது. இது காற்று இழுக்கும் இடம் என்று யாரும் நினைப்பதில்லை. இன்ஜின் ஓடும்போது லேசாகக் கசிந்து நாசிலைச் சுற்றிக் கரியும் எண்ணெயுமாக அப்பியிருக்கும், நின்ற பிறகு அதே கசிவு வழியாகக் காற்று உள்ளே போய், ரிட்டர்ன் பக்கத்திலிருந்து பம்ப்பைக் காலி செய்யும். விரலால் வளைத்தேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. கடைசி நாசிலின் நுனியை அடைக்கும் ரப்பர் மூடியிலும் விரிசல். மொத்தத்துக்கும் நூற்று எண்பது ரூபாய். அன்றையிலிருந்து இன்று வரை மூக்கை எந்தப் பக்கம் வைத்து நிறுத்தினாலும் அரைச் சுற்றுதான்.

இருபது வருட ரப்பர் என்றால் ஏதாவது ஒரு இடத்தில் இப்படித்தான் போகும். டீசலும் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து பங்கில் கிடைப்பது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கந்தகம் உள்ள டீசல், அதற்கு முன் பிஎஸ் 4 காலத்தில் 50 பிபிஎம். அமெரிக்காவில் 1993-ல் டீசலில் கந்தகத்தைக் குறைத்தபோது, பழைய டீசலில் ஊறிப் பழகிய நைட்ரைல் ரப்பர் ஓ ரிங்குகள் சுருங்கி நிறைய வண்டிகளில் பம்ப் கசிந்தது. கந்தகத்தைக் குறைக்கும்போது டீசலில் ரப்பரை ஊதவைத்துப் பிடித்திருக்கும் சில பொருட்களும் குறைவதுதான் காரணம். பழைய வண்டியில் ஃபில்டரை மாற்றும்போதே ஓவர்ஃப்ளோ பைப்பையும் ஓ ரிங்குகளையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. ஹோஸ் வாங்கும்போது டீசலுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். சோதனைக்கு மாட்டிய பிளாஸ்டிக் டியூபை அப்படியே விட்டுவிடாதீர்கள், டீசலில் ஊறி ஊறிக் கல் மாதிரி ஆகி, கிளிப்புக்குள் நழுவ ஆரம்பிக்கும். அப்புறம் புதுசாக இன்னொரு ஓட்டையைத் தேடவேண்டியிருக்கும்.

பம்ப்பை கழற்றிய இடங்களில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். இந்த ரோட்டரி பம்ப்பில் டீசல் உள்ளே போகவும் வெளியே வரவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேஞ்சோ போல்ட் (நடுவில் துளை வழியாக டீசல் போகும் போல்ட்) இருக்கிறது. ஆனால் வெளியே வருவதன் தலையில் ஆங்கிலத்தில் அவுட் என்று குத்தியிருக்கும், அதன் துளை ஊசி முனை அளவுதான், பம்ப்புக்குள் அழுத்தம் நிற்பதே அந்தச் சின்னத் துளையால்தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் வண்டி மலையைக் கண்டதும் படுத்துவிடும், காரணம் தெரியாமல் மறுபடி பம்ப் கழற்றுவார்கள். சர்வீஸ் ஆகி வந்த வண்டியில் முதலில் இதைப் பாருங்கள், போல்டின் இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போட்டார்களா என்றும் கேளுங்கள். பழைய வாஷரையே மறுபடி போடுகிறவர்கள் உண்டு, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு மெதுவாக்கிப் போட்டால் பரவாயில்லை, அப்படிச் செய்யாமல் நேராக இறுக்கினால் அதுவும் காற்று இழுக்கும்.

ஏர் எடுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதில் கை போகும். பம்ப்புக்கு வரும் பைப்பைக் கொஞ்சம் தளர்த்தி, கைப் பம்ப் அல்லது ரப்பர் பல்பை அமுக்கி, நுரையில்லாமல் டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பக்கத்தில் டெலிவரி பைப் நட்டு இரண்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துப்ப ஆரம்பித்ததும் இறுக்கலாம். அப்போது கையைப் பைப் முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. நாசில் திறப்பதே நூறு பாருக்கு மேல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்), அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆனால் வலிக்கவில்லை என்று வீட்டில் இருக்காமல் நேராக ஆஸ்பத்திரி. செல்ஃபைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள், ஆற விடுங்கள். ஹீட்டர் பிளக் வைத்த இன்ஜினில் ஏர் ஃபில்டர் வழியாக ஸ்டார்ட்டிங் ஸ்பிரே, பெட்ரோல் நனைத்த துணி எல்லாம் காட்டாதீர்கள், உள்ளே தீப்பிடித்து பிஸ்டனை உடைக்கும். டேங்க் வழியில் ஓட்டை தேடுகிறேன் என்று பங்ச்சர் கடை கம்ப்ரஸரைப் பிடித்து டேங்க்கில் காற்று விடுவதும் வேண்டாம், டேங்க் தாங்காது.

நான் சொன்ன நட்டு தளர்த்தும் வேலை பழைய இன்ஜினுக்கு மட்டும்தான். 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசல், இண்டிகாவிலேயே டைகார் என்று போட்டிருப்பவை, இவையெல்லாம் காமன் ரெயில், அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்த நட்டைத் தொடவே கூடாது, அதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

காலையில் பத்து நிமிடம் செல்ஃப் அடித்தால் பிடித்துவிடுகிறதே, அப்படியே ஓட்டலாமே என்று கோபி வாசகர் நினைக்கலாம், நானும் இரண்டு மாதம் அப்படி ஓட்டினேன். இந்த பம்ப்புக்குள் வேறு ஆயில் கிடையாது, அதற்கு டீசல்தான் ஆயில். காற்றும் டீசலும் கலந்து போனால் உள்ளே இருக்கும் பாகங்கள் காய்ந்து தேயும். இன்றைக்கு நூற்று எண்பது ரூபாயில் தீர்கிற விஷயம், விட்டால் நிஜமாகவே பம்ப் வேலையில் போய் முடியும், அன்றைக்கு "பம்ப்பத்தான் கழட்டோணும்" என்று சொல்கிறவர் சரியாகச் சொன்னவர் ஆகிவிடுவார்.

அந்த வாசகரிடம் தாங்கள் ஒன்று மட்டும் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்: அவர் வீட்டு வாசல் சமதரையா, சாய்தளமா? சாய்தளம் என்றால் இன்று ராத்திரி டேங்க்கை நிரப்பி, வண்டியை ரிவர்ஸில் ஏற்றி, ஃபில்டருக்கு அடியில் ஒரு பழைய நியூஸ் பேப்பரை விரித்து வைக்கச் சொல்லுங்கள். தங்கள் நாளிதழாகவே இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பழைய இண்டிகா வைத்திருக்கும் வாசகர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை